அடிவட்டம்

“அத்தான், கையை விட்டிடாதேங்கோ! விட்டீங்களெண்டால் மரம் நேரா பின்னால வாற பஸ்ஸின்ர கண்ணாடிக்குள்ளதான் போகும்!”

மாலினி கத்திக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தாள். ரவுண்டபௌட்டில் கார் சரிந்தது. கூரையில் கிடந்த எட்டடி மரமும் கூடவே சரிந்தது. வலைக்குள் சுருட்டிய மரத்தைக் கூரையோடு கட்டியிருந்தது, வீட்டில் உடுப்புக் காயப்போடுகிற நைலோன் கொடி. அது அரை மைலுக்கு முன்பே இளகிவிட்டது. மரம் வீதிக்கு வராமல் இப்போது பிடித்துக்கொண்டிருந்தது சபாரத்தினத்தின் இடது கை ஒன்றுதான். தோள்வரை ஜன்னலுக்கு வெளியே. வெளியில் மூன்று பாகைக் குளிர்.

“மணி என்ன?”

“ஒண்டு பதினாலு.”

“கெதியா விடு. ஒண்டரைக்கு எமகண்டம். அதுக்கு முதல் மரம் வாசல்படி தாண்ட வேணும்.”

மாலினி கண்ணாடியில் பின்னால் வந்த பஸ்ஸைப் பார்த்தாள். பதினொரு வருடமாக அவளும் அந்தச் சிவப்புப் பூதத்தைத்தான் ஓட்டுகிறாள். குடிகாரர், பைத்தியம், வாந்தி, அடிபிடி எல்லாவற்றையும் ஏற்றி இறக்கியவள். கிறிஸ்மஸ் மரத்துக்கு எமகண்டம் பார்க்கிற ஆளை இன்றைக்குத்தான் முதன்முதலாக ஏற்றியிருக்கிறாள். அதுவும் சொந்த அக்காவின் புருஷன்.

“மாட்டுத் தொழுவத்தில பிறந்தவருக்கு ஆர் அத்தான் பஞ்சாங்கம் பாத்தது?”

“ஏன் பாக்கேல்லை? மூண்டு சாத்திரிமார் வெள்ளியைப் பாத்துத்தானே வந்தவங்கள்? பொன், தூபம், வெள்ளைப்போளம்...” படபடவென்று சொல்லிக்கொண்டு போனவர், சட்டென்று நிறுத்தினார். “வாயை மூடிக்கொண்டு ஓட்டு.”

வெள்ளைப்போளமா? மாலினிக்கு அந்தச் சொல்லே புதிது. ஆனால் சிந்திக்க நேரமில்லை. மரம் இன்னும் ஓர் அடி கீழே வந்தது.

ஹரோவில் சபாரத்தினத்தைத் தெரியாத தமிழர் குறைவு. மூன்று கடை. கடையில் பியரும் பன்றி இறைச்சிச் சொசேஜும் விற்கும். வீட்டில் செவ்வாய் வெள்ளி மச்சம் மாமிசம் அடுப்பில் ஏறாது. கோயில் திருவிழாவில் யாராவது ஏமாந்து மைக்கைக் கொடுத்துவிட்டால் வருடாவருடம் அதே பல்லவி:

“ஜேர்மனியில நாலு வருஷம் அகதி விடுதியில கிடந்தனான். பாதிரி தேடி வந்து கூப்பிட்டவர். தலையில ரெண்டு துளி தண்ணி. வீடு, வேலை, பேப்பர் எல்லாம் கையில. கூட இருந்தவங்கள் வரிசையில நிண்டு தலையைக் குனிஞ்சாங்கள். இந்தச் சபாரத்தினம் குனியேல்லை!”

கைதட்டல் விழும். அத்தான் சால்வையைச் சரிசெய்வார். மாலினி செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

இந்தப் பல்லவிக்கு இரண்டு வருடமாகப் பலி கிடப்பது கம்சிகா. அத்தானின் ஒரே மகள், இருபத்தெட்டு வயது, மருந்தகத்தில் வேலை. அவள் விரும்பியது யனுஷனை. மின்சார வேலை செய்கிற பெடியன். குடி இல்லை, கூத்து இல்லை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறவன். ஒரே ஒரு குற்றம்: அவன் தகப்பனின் பெயர் யாக்கோப்பு; கிறிஸ்தவக் குடும்பம்.

“வேதக்காரர் வீட்டில என்ர பிள்ளை காலெடுத்து வைக்கிறதோ? ஆள் முகமே எனக்குப் பாக்கத் தேவையில்லை!” என்று அன்றைக்குச் சொன்னவர்தான். இரண்டு வருடமாக மகன் முகமும் பார்க்கவில்லை, தகப்பன் முகமும் பார்க்கவில்லை.

பிள்ளைகள் இரண்டும் பதிவுக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்திருக்கலாம். வைக்கவிடாமல் நின்றது யாக்கோப்பு. ‘பெட்டையின்ர தகப்பன் தன்ர வாயால ஓம், சம்மதம் எண்டு சொல்லாமல் அந்தப் பிள்ளையை எங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது’ என்று மகனிடம் அடித்துச் சொல்லிவிட்டார். ஆக, ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு மனிதரின் வாயிலிருந்து விழவேண்டிய ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாயிலிருந்து அப்படியொரு சொல் விழுந்ததாக அக்காவுக்கே ஞாபகம் இல்லை.

‘ஜனவரியில கம்சிகா லீட்ஸுக்கு மாறிப் போறாள், திரும்பி வரமாட்டாள்’ என்று மாலினி ஒரு வெடியைக் கொளுத்திப் போட்ட பிறகுதான் அத்தான் ஒரு சந்திப்புக்கு இறங்கி வந்தார். இன்று சனிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கு யாக்கோப்பு வருகிறார்.

அதற்குத்தான் இந்த மரம்.

கிளைவீதி ஒன்றில் மாலினி காரை ஒதுக்கினாள். “இறங்கிக் கட்டுங்கோ. இப்பிடியே போனால் மரமும் இல்லை, லைசென்ஸும் இல்லை.”

சபாரத்தினம் விறைத்த கையை உதறிக்கொண்டு இறங்கினார். “நீ கட்டின கட்டு! மரத்தின்ர அடி முன்னுக்கு வர வேணும், நுனி பின்னுக்கு. இல்லாட்டிக் காத்துக் கொப்பை முறிக்கும். தள்ளு.”

மரத்தைத் திருப்பினார். கொடியை ஒரு கதவுக்குள் விட்டு மறுகதவால் எடுத்து, அடிமரத்தில் இரண்டு சுற்று, ஒரு கண்ணி, ஒரு இழுவை. இரண்டு நிமிடம். மரம் கூரையோடு ஒட்டிப் பிறந்தது போலக் கிடந்தது.

மாலினி பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனிதர் தன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டவே அக்காவைக் கூப்பிடுகிறவர்.

மரம் விற்கிற இடத்திலும் இப்படித்தான். சும்மா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். இல்லை. ஓர் இலையைப் பிடுங்கி நகத்தால் மடித்தார், முகர்ந்தார். மரத்தைத் தூக்கி அடியை நிலத்தில் ஒருமுறை குத்தினார், இலை கொட்டுகிறதா என்று பார்த்தார். ஐந்து மரத்தைக் குத்தி ஆறாவதை எடுத்தார். வலை போட்டுக் கொடுத்த வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டு, ‘உங்களுக்கு இதில் நல்ல பழக்கம் போல’ என்றாள். அத்தான் அடிபட்டவர் போலத் திரும்பி, “நோ, நோ! யூடியூப்! யூடியூப்!” என்றார்.

யூடியூப்பாம்! தேவாரம் போடக்கூட மகளிடம் போனை நீட்டுகிற ஆள்.

கார் மறுபடி கிளம்பியது.

“அத்தான், ஒரு கேள்வி. வேதக்காரர் எண்டாலே உங்களுக்கு ஓங்காளிக்கும். பேந்து இந்த மரம் ஆருக்கு?”

“அவங்களுக்குத்தான்! கிறிஸ்மஸ் என்ன அவங்கட அப்பன் வீட்டுச் சொத்தோ? பெட்டிக்குள்ள இருக்கிற பிளாஸ்ரிக் மரத்தை எடுத்துத் தூசி தட்டிற சனம். என்ர வீட்டில வந்து பாக்கட்டும், மரமெண்டால் என்னெண்டு. அண்ணாந்து பாக்கட்டும். தேத்தண்ணி குடிக்கட்டும். போகட்டும்.”

“போகட்டும் எண்டால்?”

“போகட்டும் எண்டால் போகட்டும். ‘இல்லை’ எண்டதை முகத்துக்கு நேரே, மரியாதையாச் சொல்லி அனுப்புவம். பேந்து ஒருத்தரும் இந்தக் கதையை எடுக்கக்கூடாது.”

மாலினி கியரை மாற்றி மிதித்தாள். ஒரு பிள்ளையின் நெஞ்சை உடைக்கிறதுக்கு அலங்காரம் வாங்கிக்கொண்டு போகிற மனிதனை அவள் அதுவரை கண்டதில்லை.

மணி ஒன்று இருபத்தேழு. வீடு.

தவநாயகி அக்கா வாசலில் நின்றாள். கண் மணிக்கூட்டில், கை கதவில். “இஞ்சருங்கோ, இன்னும் மூண்டு நிமிசம்தான்!”

“தூக்கு மாலினி! பிடி! அடியை முதல் விடு!”

“வலது காலை வைச்சு வரச் சொல்லுங்கோ அத்தான். அதுக்கு ஒரு கால்தான் இருக்கு, நொண்டி நொண்டி வரட்டும்.”

ஒன்று இருபத்தொன்பதுக்கு மரம் வாசல் தாண்டியது. அத்தான் சுவரில் கைவைத்து மூச்சு வாங்கினார். எமன் தோற்றுப்போன மாதிரி ஒரு சிரிப்பு.

பிறகு நடந்ததுதான் மாலினியை யோசிக்க வைத்தது.

முன்னறையில், வீதிக்குத் தெரிகிற பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் பழைய பெட்சீற் ஒன்றை விரித்தார். கராஜிலிருந்து மரம் அரிகிற வாளைக் கொண்டுவரச் சொன்னார். மரத்தைக் கிடத்தி, முழங்காலால் அமர்த்தி, அடியில் ஒரு விரல் தடிப்புக்கு வட்டமாக அரிந்தார்.

“நல்ல மரத்தை ஏன் வெட்டிறியள்?” அக்கா பதறினாள்.

“அடி காஞ்சு பால் அடைச்சுப் போயிருக்கும். புதுசா வெட்டாட்டித் தண்ணி குடிக்காது. ரெண்டு நாளில இலை எல்லாம் உன்ர கம்பளத்தில கிடக்கும்.”

வெட்டிய மரத்தை இரும்புத் தாங்கியில் ஏற்றி நிமிர்த்தினார். நாலு திருகாணி. எதையும் ஒரேயடியாக முறுக்கவில்லை. எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு எட்டுப் பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வந்து கால் சுற்று முறுக்கினார். தாங்கியில் தண்ணீர் விட்டார். கடைசியாக வலையைக் கீழேயிருந்து மேலே வெட்டிக்கொண்டு போனார். கொப்புகள் ஒவ்வொன்றாக, அடுக்கடுக்காக விரிந்து இறங்கின. அறை முழுக்கக் காட்டு மணம்.

அந்த ஒரு கணம் மட்டும் அத்தானின் முகத்தில் எகத்தாளம் இல்லை. வேறெதையோ பார்க்கிற முகம்.

“அப்பா! நீங்கள் செமையாச் செய்யுறீங்கள்!” படியில் ஓடிவந்த கம்சிகா கைதட்டினாள். 

“முதல் லைற்றைச் சுத்து. உள்ளுக்கயிருந்து வெளியில. பேந்துதான் உருண்டையள்.”

அவள் லைற்றைச் சுற்றினாள். மாலினி பெட்சீற்றைக் கூட்டிக்கொண்டே கடைக்கண்ணால் பார்த்தாள். அரிந்து விழுந்த வட்டத்தை அத்தான் குப்பையில் போடவில்லை. ஒரு மண்தாள் எடுத்து அதன் இரண்டு முகத்தையும் தேய்த்தார். விளிம்புக்குக் கிட்ட ட்றில்லால் ஒரு ஓட்டை போட்டார்.

“உது என்னத்துக்கு அத்தான்?”

“தேத்தண்ணிக் கோப்பை வைக்க.”

“கோப்பை வைக்கிறதுக்கு ஓட்டை என்னத்துக்கு?”

அத்தான் ஓட்டையைப் பார்த்தார். அது எப்படி அங்கே வந்தது என்று அவருக்கே தெரியாத மாதிரி ஒரு பார்வை. வட்டத்தைச் சட்டென்று காற்சட்டைப் பைக்குள் திணித்தார். “உனக்கு வேற வேலை இல்லையோ? போய் வடைக்கு அரை!”

குசினியில் கம்சிகா பின்னாலேயே வந்தாள். கண் இரண்டும் மின்னியது. “சித்தி, அப்பா மரமெல்லாம் வாங்கி வைச்சிருக்கிறார். ஓம் சொல்லத்தானே? இல்லாட்டி ஏன் இவ்வளவு செய்யப்போறார்?”

மாலினி உழுந்தைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய உழுந்து. மறுபடியும் கழுவினாள்.

“நீ போய்ச் சாறியைக் கட்டு.”

நாலு மணி. வெளியே இருட்டிவிட்டது. ஜன்னலில் மரத்தின் லைற்றுகள் எரிந்தன. எதிர்வீட்டுக் குஜராத்திக்காரர் நாயோடு நின்று வாயைப் பிளந்து பார்த்தார். அத்தானுக்கு அதிலேயே பாதி வயிறு நிறைந்திருக்கும்.

மணி அடித்தது.

யனுஷன் ஒரு கேக் பெட்டியோடு நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு கட்டை மனிதர். மொட்டைத் தலை, தடித்த கண்ணாடி, சாம்பல் கோட். முப்பது வருடம் தபால் பிரித்து ஓய்வுபெற்ற யாக்கோப்பு. வலது கையால் கும்பிடுவது போல நெஞ்சைத் தொட்டார். இடது கை கோட் பைக்குள்ளேயே கிடந்தது.

“வாங்கோ, வாங்கோ! உதில இருங்கோ, மரத்துக்குக் கிட்ட!” அத்தானின் குரல் மைக் இல்லாமலே திருவிழா வீதிக்குக் கேட்டிருக்கும்.

யாக்கோப்பு உட்கார்ந்தார். அத்தானை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். அத்தான் அவரைப் பார்க்கவில்லை. அவர் மரத்தைப் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கட வீட்டிலயும் மரம் வைச்சாச்சோ?”

“ஓம் அண்ணை, சின்னன் ஒண்டு. பிளாஸ்ரிக்தான்.”

“ஐயோ பாவம்! ஒரு வேதக்கார வீட்டில பிளாஸ்ரிக்கோ? நாங்கள் சைவக்காரர், எங்களுக்கு ஒண்டும் தெரியாது. ஆனா செய்யிறதெண்டால் முறையாச் செய்ய வேணும், என்ன?”

“ஓம் அண்ணை. முறையாச் செய்ய வேணும்.”

“எட்டடி! குத்திப் பாத்து எடுத்தது!”

“தெரியுது.”

யனுஷன் தலையைக் குனிந்து கேக் பெட்டியின் நாடாவைப் பார்த்தான். கதவோரம் நின்ற கம்சிகாவின் முகத்திலிருந்து மின்னல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். யாக்கோப்பு வலது கையால் வாங்கினார், ஒரு மிடறு குடித்தார், வைத்தார்.

அத்தான் தொண்டையைச் செருமினார். வரப்போகிறது, பல்லவி.

“நான் ஒளிச்சு மறைச்சுக் கதைக்கிற ஆளில்லை. உங்கட பெடியன் நல்ல பெடியன். நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா பாருங்கோ, குடும்பம் எண்டு ஒண்டு இருக்கு. நான் ஜேர்மனியில நாலு வருஷம் பட்ட பாடு ஒருத்தரும் படேல்லை. பாதிரி வந்து கூப்பிட்டவர். ரெண்டு துளி தண்ணி, வீடு, வேலை. கூட இருந்த நாயள் எல்லாம் பேப்பருக்காகத் தலையைக் குனிஞ்சுதுகள். நான் குனியேல்லை. எங்கட ஏழு தலைமுறையில தலையில தண்ணி ஊத்தின ஆள் ஒருத்தன் இல்லை. அப்பிடிக் கட்டிக் காத்த மானத்தை...”

“அப்பா!” கம்சிகாவின் குரல் உடைந்தது.

“நீ சும்மா இரு! பெரிய ஆக்கள் கதைக்கிறம். அதாலை, யாக்கோப்பு, நான் மரியாதையாச் சொல்லுறன்...”

யாக்கோப்பு எழுந்தார்.

கோபித்துக்கொண்டு போகப்போகிறார் என்றுதான் மாலினி நினைத்தாள். அவர் போகவில்லை. மரத்துக்குக் கிட்டப் போனார். குனிந்து தாங்கியைப் பார்த்தார். நாலு ஆணியையும் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றுக்கும் கீழே இருந்த கொப்பை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

“வடிவா நிறுத்தியிருக்கிறியள் அண்ணை. நூல் பிடிச்ச மாதிரி.” நிமிர்ந்தார். “அடிவட்டத்தைத்தான் காணேல்லை.”

“என்ன... என்ன வட்டம்?”

“அரிஞ்சனீங்கள்தானே. கீழ்க் கொப்பிலயெல்லோ கொழுவிறது.”

அத்தானின் கை காற்சட்டைப் பைக்குப் போனது. போனதை மாலினி மட்டும் கண்டாள்.

யாக்கோப்புவின் இடது கை இப்போதுதான் கோட் பையை விட்டு வெளியே வந்தது. கையில் மண்ணிறத் தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொதி, குட்டித் தோசை அளவு. அதைப் பிடித்திருந்த சுட்டுவிரலுக்கு நுனிக் கணு இல்லை.

“மரத்தில கொழுவ ஒண்டு கொண்டு வந்தனான். குடுக்கிறதோ திருப்பிக் கொண்டு போறதோ எண்டு வழியெல்லாம் யோசிச்சன். பிடியுங்கோ.”

அத்தான் பொதியைப் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்தார். பிறகு மொட்டைத் தலையை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்களை. முகத்திலிருந்து ரத்தம் வற்றுவது மாலினிக்குத் தெரிந்தது, தாங்கியில் ஓட்டை விழுந்து தண்ணீர் இறங்குகிற மாதிரி.

பொதியை வாங்கினார். கட்டைவிரல் தாளின் மேலால் தடவியது. விளிம்புக்குக் கிட்ட ஓரிடத்தில் நின்றது.

மரத்து லைற் மூன்றுதரம் மின்னி அணைந்தது.

“ஓம்,” என்றார் சபாரத்தினம்.

“என்னங்கோ?” என்றாள் அக்கா.

“ஓம் எண்டு சொல்லுறன்! காது கேக்கேல்லையோ? பிள்ளையைக் குடுப்பம். தையில நல்ல நாள் பாப்பம். உங்கட கோயிலோ, எங்கட கோயிலோ, ரெண்டிலயுமோ... எல்லாம் ஓம்.”

கம்சிகா கத்தியதில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அக்கா அழுதாள். யனுஷன் எழுந்து நின்று, யாருக்கென்றில்லாமல் “தாங்ஸ் அங்கிள், தாங்ஸ் அங்கிள்” என்று ஏழெட்டுத் தரம் சொன்னான்.

“உதைப் பிரிச்சுப் பாருங்கோவன், என்ன கொண்டு வந்திருக்கிறார் எண்டு,” அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“பேந்து!” அத்தான் அலறியேவிட்டார். பொதியைச் சோபா மெத்தைக்கு அடியில் செருகி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். முட்டை காக்கிற கோழி மாதிரி.

ஆனால் கோழியும் எத்தனை நேரம் இருக்கும்? வடை வந்தது. அக்கா சாமியறையில் விளக்கேற்றக் கூப்பிட்டாள். பிள்ளைகள் இரண்டும் காலில் விழவேண்டும், தகப்பன் இல்லாமல் முடியாது. அத்தான் எழுந்தார். இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். படியேறினார்.

மாலினி பத்து வரை எண்ணினாள்.

மனம் இளகித்தான் ஓம் சொன்னார் என்று அக்கா நம்பட்டும். பிள்ளை நம்பட்டும். பெற்ற மகள் இரண்டு வருடம் அழுதும் இளகாத மனம், ஒரு பொதியைத் தடவி இளகுமா? அந்த மனிதரை இளக வைக்க அன்பால் முடியாது. பயத்தால் முடியும். எந்தப் பயம் என்பதுதான் கேள்வி.

மெத்தையைத் தூக்கினாள். தாளைப் பிரித்தாள்.

மரவட்டம். பழையது, தேன் நிறத்துக்குக் கறுத்தது. தேய்த்து வழவழப்பாக்கிய முகம், வெறுமை. விளிம்புக்குக் கிட்ட ஓர் ஓட்டை. மத்தியானம் அத்தான் ட்றில்லால் போட்ட அதே இடம். அதே அளவு.

“பிள்ளை.”

திரும்பினாள். கதவடியில் யாக்கோப்பு. கையில் பாதி வடை.

“அதை மரத்தில கொழுவ வேண்டாம். அவர் ஓம் எண்டு சொல்லிப்போட்டார். எனக்கு அது காணும்.”

“உங்களுக்கு அத்தானை முன்னமே தெரியுமோ?”

“இவர்தான் அவர் எண்டு ரெண்டு வருஷமாத் தெரியும், பெடியன் படம் காட்டின நாள் தொட்டு. அந்தக் காலத்தில ஜேர்மனியில நாலு வருஷம் ஒரே விடுதி, ஒரே அறை. அவருக்குத்தான் என்னை யாக்கோப்பு எண்டு தெரியாது. அங்கை எல்லாருக்கும் நான் குஞ்சன். அப்ப தலை நிறைய மயிர்.” மொட்டையைத் தடவிச் சிரித்தார். 

“ரெண்டு வருஷமா ஏன் வாய் திறக்கேல்லை?”

“வெருட்டி எடுக்கிற சம்பந்தம் எங்களுக்கு என்னத்துக்கு? இண்டைக்கும் உதைப் பைக்குள்ள வைச்சுக்கொண்டு திரும்பிப் போகத்தான் இருந்தனான். ஆனா கூட இருந்தவங்களை நாய் எண்டார். அதில ரெண்டு பேர் இப்ப உயிரோட இல்லை. அதுதான் தாங்கேல்லை.”

மாடியில் மணி கிலுங்கியது. அத்தானின் தேவாரக் குரல் ஓங்கி இறங்கியது. மற்ற நாளை விட இரண்டு கட்டை அதிகம்.

“இது என்னது அண்ணை?”

“அந்த ஊர் மாதா கோயிலில ஒரு வழக்கம். கிறிஸ்மஸ், நத்தார் எண்டு வந்தால் மரம் நிறுத்திற ஆள், அடியில அரியிற வட்டத்தில தன்ர பேரைச் சுட்டு எழுதிக் கீழ்க் கொப்பில கொழுவ வேணும். பேந்து அது கோயில் சுவரில தொங்கும். வெளியாள் நிறுத்தேலாது. கோயில் சனம்தான் நிறுத்தலாம், ஞானஸ்நானத்தில வைச்ச பேரைத்தான் எழுதலாம். நாலு வருஷமும் ஒரே ஆள்தான் நிறுத்தினது. அவரை மாதிரி ஒருத்தருக்கும் நிறுத்த வராது எண்டு ஃபாதர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிவார். ரெண்டாம் வருஷம் நான் மரத்தைப் பிடிச்சனான், அவர் வாளை இழுத்தவர். வாள் வழுக்கினது.” குறைவிரலைத் தூக்கிக் காட்டினார். “அதனாலதான் ஜேர்மனியை விட்டு வரேக்கை அந்த வருஷத்து வட்டத்தை ஃபாதரிட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தன். என்ர விரலும் அதில கொஞ்சம் இருக்குத்தானே.”

“இதில ஒண்டும் எழுதியில்லையே?”

“மற்றப் பக்கம், பிள்ளை.”

மாலினி திருப்பினாள்.

ஆணியைக் காய்ச்சிச் சுட்ட எழுத்து. அத்தானின் கடைப் பலகைகளில் அவள் இருபது வருடமாகப் பார்த்துச் சலித்த அதே கோணல் எழுத்து.

நத்தார் 1988. மரம் நிறுத்தினது: பவுல் சபாரத்தினம்.